ஜெர்மனியில் 1966 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள்: நெடுங்காலம் வைத்துக் காக்க விரும்புவோருக்கு ஒரு கையேடு

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங்கை அறிமுகப்படுத்தியது. அந்த முதல் தலைமுறையில் 1966ஆம் ஆண்டு மாடலாக மட்டும் 72,119 மடக்குக் கூரைக் கார்கள் கட்டப்பட்டன. அவற்றில் சில அப்போதே ஜெர்மனிக்கு வந்தன. க்ருப் நிறுவனம் தன் லாரி ஒன்றுக்கு மஸ்டாங் என்ற பெயரைப் பதிவு செய்து வைத்திருந்ததால், ஃபோர்டு அங்கே அதிகாரபூர்வமாக விற்ற கார்கள் அந்தப் பெயர் இல்லாமல் ‘டி-5’ என்ற அடையாளத்துடன் விற்கப்பட்டன. இன்று ஜெர்மன் சாலைகளில் காணப்படும் பெரும்பாலானவை பின்னாளில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை. அப்படிப்பட்ட ஒரு காரை, 289 கன அங்குல வி-8 எஞ்சினுடன், ஆண்டுக்கணக்கில் ஓடும் நிலையில் வைத்திருக்கச் செய்ய வேண்டியவற்றை இந்தக் கையேடு சொல்கிறது. அதே காலத்து வேறு அமெரிக்கத் திறந்த கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

முதல் வேலை, உங்களிடம் இருப்பது என்ன என்பதை உறுதிசெய்வது. பானெட்டைத் திறந்தால் முன்பக்க மட்கார்டின் உள்விளிம்பில் வண்டி எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டையும், அடுத்துள்ள எழுத்து தொழிற்சாலையையும் குறிக்கும். எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். அடுத்து வரும் 08 மடக்குக் கூரைக் காருக்கு உரியது. 07 என்றிருந்தால் அது நிலையான கூரையுள்ள கூபேயாகப் பிறந்து, பின்னர் கூரை வெட்டப்பட்ட கார். அதை வாங்கவே கூடாது என்பது என் முடிவான கருத்து. அதைத் தொடரும் சி என்ற எழுத்து 200 குதிரைத்திறன் கொண்ட இரட்டை வாய்க் கார்புரேட்டர் எஞ்சினையும், ஏ என்ற எழுத்து 225 குதிரைத்திறன் எஞ்சினையும் குறிக்கும். சக்கரங்களையும் எண்ணிப் பாருங்கள். வி-8 கார்களுக்குச் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், ஆறு சிலிண்டர் கார்களுக்கு நான்கு. எழுத்து சி என்றிருந்து போல்ட் நான்காக இருந்தால், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.

தண்ணீர் எங்கே போகிறது

மஸ்டாங்குக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடல்தகடே சேசிஸாகவும் வேலை செய்கிறது. கூபே காரில் கூரை சுமக்கும் பாரத்தின் ஒரு பகுதியை, கூரையில்லாத காரில் கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகட்டுப் பெட்டிகள் சுமக்கின்றன. டிங்கர்கள் ராக்கர் என்று அழைக்கும் இந்தப் பெட்டிகளை ஃபோர்டு கன்வெர்ட்டிபிளுக்கெனத் தடித்த தகட்டில் செய்து, முன்பக்கம் இருபுறமும் டார்க் பாக்ஸ் எனப்படும் இணைப்புப் பெட்டிகளையும், இருக்கைகளுக்கு அடியில் கூடுதல் தகடுகளையும் வைத்துப் பற்றவைத்தது. ஆகவே கூபே காரில் ராக்கர் துருப்பிடித்தால் தோற்றம்தான் முதலில் கெடும். கன்வெர்ட்டிபிளில் காரின் நடுப்பகுதியே மெல்லத் தொய்யத் தொடங்கும்.

இந்தத் தொய்வைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. கார் சமதளத்தில் தன் நான்கு சக்கரங்களில் நிற்கும்போது, கதவின் பின்விளிம்புக்கும் உடல்தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், அல்லது ஆண்டுக்கு ஆண்டு அந்த வித்தியாசம் கூடினால், ராக்கரின் உட்புறம் தேய்கிறது என்று பொருள். கரடுமுரடான சாலையில் முன்கண்ணாடிச் சட்டம் லேசாக நடுங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். கூரையில்லாத எந்தக் காருக்கும் அது இயல்பு. கதவு இடைவெளி மாறுவதுதான் இயல்பற்றது. ஒரு சிறு காந்தத்தையும் கனமற்ற சுத்தியலையும் கொண்டு ராக்கரின் கீழ்விளிம்பை அங்குலம் அங்குலமாகச் சோதித்தால், பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது, தட்டும் ஒலியும் மந்தமாகிவிடும்.

துருவுக்குத் தண்ணீர் வரும் வழிகளில் முதன்மையானது முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகளின் வரிசை. அதன் வழியே விழும் மழைநீர் உள்ளே ஒரு மூடிய அறையில் சேர்ந்து, இரு பக்கமும் ஓடி, முன் மட்கார்டுக்குப் பின்புறமாகக் கீழே இறங்க வேண்டும். அந்த அறைக்குள் உள்ள இரண்டு காற்றுக் குழாய்களின் அடிப்பகுதி துருப்பிடித்தால், தண்ணீர் டேஷ்போர்டுக்குக் கீழே சொட்டி, கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒருவர் டார்ச் விளக்குடன் டேஷ்போர்டுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு சொட்டு விழுந்தாலும், இலைகுப்பைகளை அகற்றி மீண்டும் சோதியுங்கள். அப்போதும் சொட்டினால், குழாய்களின் மேல் பிளாஸ்டிக் வளையங்களை ஒட்டித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். சரியான பழுது என்பது மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் ஒவ்வொன்றையும் துளையிட்டுப் பிரித்து, உள்ளே புதுத் தகடு வைப்பதுதான். செலவு மிகுந்த வேலை என்றாலும், தரைத்தகட்டையும் டார்க் பாக்ஸையும் பின்னால் மாற்றுவதைவிடக் குறைவுதான்.

ராக்கர்களுக்கும் கதவுகளுக்கும் அடியில் உள்ள வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். அடிப்பாகத்துக்குப் பாதுகாப்புப் பூச்சு அடிக்கும் பட்டறைகளில் இந்தத் துளைகளையும் சேர்த்துப் பூசி அடைத்துவிடும் வழக்கம் உண்டு. வண்டியைத் திரும்பப் பெறும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பெட்டிகளின் உட்புறத்துக்கு, சூடாக்கி உருக்கிப் பீய்ச்சும் கிரீஸ் அல்லது மெழுகு வகையே சிறந்தது. வெயில் காலத்தில் அது சற்று இளகி இடுக்குகளுக்குள் ஊர்ந்து செல்லும். ஈரம் உலராத பெட்டிக்குள் அதைப் பீய்ச்சினால் ஈரத்தையும் சேர்த்து அடைத்துவைப்பதாகிவிடும் என்பதால், கோடை நடுவில், சில வாரங்கள் மழையில் நனையாமல் நின்ற காருக்கே அதைச் செய்ய வேண்டும்.

ஜாக்கி வைக்கும் இடத்திலும் கவனம் தேவை. ராக்கரின் கீழ்விளிம்பில் ஜாக்கி வைத்துத் தூக்காதீர்கள். முன்பக்கம் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள நீள்சட்டங்களிலும், பின்பக்கம் ஆக்ஸிலிலும் வைத்துத் தூக்குங்கள். கார் தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூட வேண்டாம். ராக்கரை வெட்டி மாற்றும் வேலை வந்தால், வெட்டுவதற்கு முன்பே கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்து உடலை அசையாமல் பிடிக்கச் செய்திருக்கிறார்களா என்று டிங்கரிடம் நேரில் பாருங்கள். அப்படிச் செய்யாத பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. வளைந்த நிலையில் பற்றவைக்கப்பட்ட காரின் கதவுகள் பிறகு ஒருபோதும் ஒழுங்காகப் பூட்டாது.

கூரை

வினைல் துணியால் ஆன கூரையை ஈரத்தோடு மடக்குவதுதான் அதைக் கெடுக்கும் மிக விரைவான வழி. மடிப்புகளில் பூஞ்சை பிடிக்கும், தையல் நூல் இற்றுப்போகும், சட்டத்தின் மூட்டுகள் துருப்பிடிக்கும். மழையில் நனைந்து வீடு திரும்பினால், கூரையை விரித்து, நன்றாக இழுத்துப் பூட்டிய நிலையிலேயே உலரவிடுங்கள். குளிரிலும் மடக்கக் கூடாது. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வினைலும் பின்புறப் பிளாஸ்டிக் ஜன்னலும் விறைத்து, மடிப்புக் கோட்டிலேயே விரிசல் விடும். மடக்கும்போது அந்த ஜன்னலின் மடிப்புக்குள் மென்மையான பருத்தித் துணியை விரித்துவைத்தால் கீறல் விழாது. ஜன்னலைத் துடைக்க ஈரமான பருத்தித் துணியும் மிதமான சோப்புநீரும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கி மங்கச் செய்யும்.

மின்விசையால் இயங்கும் கூரை உள்ள கார்களில், பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு மோட்டாரும் எண்ணெய்ப் பம்பும் இருக்கும். அங்கிருந்து குழாய்கள் இருபுறமும் உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குச் செல்கின்றன. பின்னிருக்கையின் ஓரத்திலோ பக்கத் தகடுகளின் அடியிலோ சிவந்த எண்ணெய்க் கறை தெரிந்தால், ஏதோ ஒரு சிலிண்டரின் சீல் கசிகிறது. அந்த அமைப்புக்கு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால், கசியும் இடத்தில் பெயின்ட்டையே உரித்துவிடும். கார் நின்ற நிலையில், முன்சட்டத்தின் இரண்டு கொக்கிகளையும் விடுவித்து, பின்னால் உள்ள கூரைக்குழியில் குடையோ பையோ கிடக்கவில்லை என்று பார்த்த பிறகே பொத்தானை அழுத்துங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்து மற்றது தேங்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்போது உடனே கையை எடுத்துவிட வேண்டும், மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்க்கக் கூடாது.

புதுக் கூரை பொருத்தும் நாள் வந்தால், வெயில் காலத்தில், வெதுவெதுப்பான பட்டறையில் பொருத்தச் சொல்லுங்கள். துணிக்கு அடியில் உள்ள பட்டைகளையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். அவை தொய்ந்திருந்தால் புதுத் துணியும் காற்றில் படபடக்கும். பொருத்திய பின் முதல் சில வாரங்கள் கூரையை மடக்காமல் பூட்டியே வைத்தால், துணி சட்டத்தோடு இழுபட்டு வடிவம் பெறும். கோடையின் ஒரு பகுதியைக் கூரை மூடியபடியே கழிப்பது யாருக்கும் பிடிக்காது என்பது உண்மைதான்.

எஞ்சினும் எரிபொருளும்

289 எஞ்சின் எளிமையானது. பானெட்டுக்கு அடியில் கை நுழைய இடமும் இருக்கிறது. அங்குல அளவு ஸ்பேனர்கள் தேவை: 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. ஐரோப்பிய மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கொண்டு சமாளித்தால் போல்ட் தலை உருண்டுவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.017 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.43 மில்லிமீட்டர், ட்வெல் கோணம், அதாவது பாயிண்ட் மூடியே இருக்கும் சுழற்சிக் கோணம், 26 முதல் 31 பாகைக்குள் இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.034 அங்குலம். வயர்களைக் கழற்றினால், எரியும் வரிசை 1-5-4-2-6-3-7-8 என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் அருகே எழுதி ஒட்டிவையுங்கள். முதல் சிலிண்டர் பயணியின் பக்கம் முன்னால் இருப்பது. பாயிண்டுக்குப் பதிலாக மூடிக்குள்ளேயே மறைந்துவிடும் எலக்ட்ரானிக் பாகத்தைப் பொருத்துவோர் உண்டு. அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்திருங்கள். எலக்ட்ரானிக் பாகம் பழுதானால் சாலையோரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பாயிண்ட் என்றால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும்.

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்க உதவும் கேம் ஷாஃப்ட்டும் அதைத் தொடும் டாப்பெட்டுகளும் ஒன்றோடொன்று உரசி இயங்குகின்றன, இடையில் உருளை இல்லை. துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மம் போதிய அளவில் உள்ள எஞ்சின் ஆயில் அதற்குத் தேவை. நவீன கார்களுக்கான ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருக்கிறது. பழைய கார்களுக்கென விற்கப்படும் 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-40 ஆயிலை வாங்கி, எத்தனை குறைவாக ஓட்டினாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றுங்கள். கொள்ளளவு ஃபில்டரையும் சேர்த்து ஐந்து அமெரிக்கக் குவார்ட், அதாவது 4.7 லிட்டர்.

பெட்ரோலைப் பொறுத்தவரை இரண்டு சிக்கல்கள் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் ஐரோப்பாவில் இல்லாமல் போனதால், கடினப்படுத்தப்படாத பழைய வால்வு இருக்கைகள் (வால்வுகள் வந்து படியும் விளிம்புகள்) நெடுஞ்சாலை வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டும்போது தேயக்கூடும். சிலிண்டர் ஹெட் எப்போதாவது கழற்றப்பட்டால் கடின எஃகு இருக்கைகளைப் போட்டுவிடுவது நல்லது. அதற்காக மட்டும் கழற்ற வேண்டியதில்லை, மிதமாக ஓட்டுபவருக்கு அவசரமும் இல்லை. எத்தனால்தான் இரண்டாவது சிக்கல். ஜெர்மனியில் 2011இல் வந்த ஈ10 பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் இருக்கலாம். அது பழைய ரப்பர்க் குழாய்களை மென்மையாக்கிக் கரைக்கும், ஈரத்தையும் இழுக்கும். சூப்பர் ஈ5 அல்லது சூப்பர் பிளஸ் போடுங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பர்க் குழாய்த் துண்டுகள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் நவீனக் குழாய்களாக மாற்றிவிடுங்கள். இந்தக் காரில் 16 கேலன் பெட்ரோல் டேங்கின் மேற்புறமே டிக்கியின் தரை. டேங்க்கோ அதன் வாய்க்குழாயின் ரப்பரோ கசிந்தால் வாசனை நேரே கார் உள்ளே வரும். அந்த வாசனையை ‘பழைய கார் என்றால் இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

பிரேக்கும் சக்கரமும்

வி-8 காருக்கு நான்கு சக்கரங்களிலும் 10 அங்குல டிரம் பிரேக். முன்சக்கர டிஸ்க் பிரேக் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. 1966 வரை மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். 1967இலிருந்து மஸ்டாங்குக்கு இரட்டை அறை வந்தது. என் பார்வையில், இந்தக் காரில் செய்யத்தக்க மாற்றம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அதிகம் நின்றே கிடக்கும் காரில் வீல் சிலிண்டர்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பது இதனால்தான். டிரம் பிரேக்குகள் பின்னோக்கி ஓட்டிப் பிரேக் பிடிக்கும்போது தாமாகவே சரிசெய்துகொள்ளும். மிதிகட்டை ஆழமாக இறங்கினால், காலியான இடத்தில் சிலமுறை அப்படிச் செய்து பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் உள்ள டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். சாலையில் படும் பரப்பின் வரிகள் நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரை மாற்றிவிட வேண்டும்.

ஹெச் எண்தட்டு

1997 முதல் ஜெர்மனியில் வழங்கப்படும் வரலாற்று வாகன எண்தட்டுக்கு, எண்ணின் இறுதியில் ஹெச் எழுத்து உண்டு. முதல் பதிவிலிருந்து 30 ஆண்டுகள் கடந்து, பெரும்பாலும் மூல நிலையில், நல்ல பராமரிப்பில் இருக்கும் காரையே அதற்குப் பரிசோதகர் ஏற்பார். இதனால் ஆண்டு வரி எஞ்சின் அளவைப் பொருட்படுத்தாமல் 191.73 யூரோவில் நின்றுவிடுகிறது. 4.7 லிட்டர் கொள்ளளவுள்ள இந்த 289 எஞ்சினுக்கு வழக்கமான கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 1,200 யூரோ ஆகும் என்பதைப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் மாசு வகையைக் காட்டும் ஸ்டிக்கர் இல்லாமல் நுழையவும் அது அனுமதிக்கிறது. அந்தக் காலத்திலேயே வழக்கமாகச் செய்யப்பட்ட மாற்றங்களைப் பரிசோதகர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். இருந்தாலும் பணம் செலவழிப்பதற்கு முன் அவரிடமே போய்க் கேட்டுவிடுங்கள். வாய்மொழிச் சம்மதத்தோடு நிற்காமல், பொருத்தப்போகும் பாகத்தின் விவரத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை உண்டு. அதில் இந்தக் கார்கள் சிக்குவது பெரும்பாலும் ஸ்டீயரிங் இணைப்புகளின் ஆட்டம், பால் ஜாயிண்டுகள், பிரேக் குழாய்களின் துரு ஆகிய மூன்றில்தான்.

2017 முதல் ஹெச் எழுத்தையும் பருவகால எண்தட்டையும் சேர்த்தே பெறலாம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று பதிவு செய்தால் அந்த மாதங்களுக்கு மட்டும் வரி. மற்ற மாதங்களில் பொதுச் சாலையில் ஓட்டவோ நிறுத்தவோ கூடாது என்பதால், சொந்தமாக ஒரு கராஜ் இல்லாதவர்களுக்கு இது உதவாது.

குளிர்காலம்

சாலையில் உப்பு தூவத் தொடங்குவதற்கு முன் கார் உள்ளே போய்விட வேண்டும். கடைசி ஓட்டம் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். எஞ்சினும் சைலன்சரும் முழுதாகச் சூடேறி உள்ஈரம் வெளியேறும். அன்றே எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பயன்படுத்திய ஆயிலில் உள்ள அமிலம் மாதக்கணக்கில் பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைச் சேருங்கள். டயர்களில் 3 பார் வரை காற்று ஏற்றுங்கள். கை பிரேக்கை இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றித் தானியங்கிச் சார்ஜரில் இணைத்துவையுங்கள். கூரை விரித்துப் பூட்டியே இருக்கட்டும், ஜன்னல் கண்ணாடிகளை இரண்டு விரல் அகலம் இறக்கிவிடுங்கள். மூடுவதற்குக் காற்றுப் புகும் துணி உறைதான் வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துவிடும். சைலன்சர் வாயில் எலி புகாதபடி கம்பிவலையைச் செருகி, அதை நினைவூட்டும் குறிப்பு ஒன்றை ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்துவதால் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். வசந்தத்தில், நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து சாலையிலிருந்து உப்பு கழுவப்பட்ட பிறகே வெளியே எடுங்கள்.

உதிரிபாகமும் ஆவணமும்

இந்தக் காருக்குக் கிடைக்காத பாகம் அநேகமாக இல்லை. ஃபோர்டின் உரிமத்தோடு முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். சிக்கல் பாகம் கிடைப்பதில் இல்லை, அதன் தரத்தில் இருக்கிறது. புதுக் குரோம் பட்டைகள் பொருந்தாமல் நிற்பதும், புது ரப்பர் சீக்கிரமே வெடிப்பதும், புதுக் கண்டென்சர் சில நூறு கிலோமீட்டரில் செயலிழப்பதும் சகஜம். எனவே கழற்றிய மூலப் பாகம் எதையும், பழுதுபார்க்கக்கூடியதாக இருக்கும்வரை, தூக்கி எறியாதீர்கள். அடிக்கடி தேவைப்படும் சிறு பாகங்களை ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ உள்ள கடைகளில் வாங்கலாம். பெரியவற்றை அமெரிக்காவிலிருந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கப்பல் செலவு மிச்சமாகும். சுங்க வரியையும் இறக்குமதி வாட் வரியையும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், செலவு ஆகியவற்றை ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி, ரசீதுகளைக் கோப்பில் சேருங்கள். பற்றவைப்பு வேலை நடக்கும்போது, தகடு திறந்திருக்கும் நிலையில் புகைப்படம் எடுத்துவையுங்கள். மூடிப் பெயின்ட் அடித்த பிறகு உள்ளே என்ன செய்தார்கள் என்று நிரூபிக்க வேறு வழியில்லை. பழைய கார்களுக்கான காப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பீட்டு அறிக்கை கேட்கும்போது, மதிப்பீட்டாளர் காருக்கு 1 முதல் 5 வரையிலான நிலை எண் ஒன்றைக் கொடுப்பார். 1 என்பதே மிகச் சிறந்த நிலை. 2க்கும் 3க்கும் இடையே மதிப்பில் பல ஆயிரம் யூரோ வித்தியாசம் வரலாம். ராக்கரின் உட்புறப் புகைப்படங்களையும் கதவு இடைவெளி அளவுகளையும் அவர் முன் வைத்தால், அந்த எண்ணைப் பற்றி அவரோடு பேச உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். அறிக்கையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து, காப்பீட்டுத் தொகையையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள்.